தென்காசி போகும் வரைக்கும் ஒரு கிராம்பு

எங்கள் ஆச்சிக்குக் கடைசியில் மிஞ்சியது ஏழு பல். மேலே மூன்று, கீழே நான்கு. அந்த ஏழு பல்லோடுதான் அவள் எங்கள் தெருவுக்கே பல் வைத்தியம் பார்த்தாள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் யாராவது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால், எங்கள் வீட்டில் ஒருவரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. "ஆச்சி, ஆள் வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆச்சி கொண்டையை அள்ளி முடிந்தபடி எழுந்து வருவாள். திண்ணையில் சாய்ந்து கிடக்கும் தாத்தா, கண்ணைத் திறக்காமலே, "வழுக்கைத் தலையன் கூந்தல் தைலம் வித்த கதையால்ல இருக்கு" என்பார். ஆச்சி அதைக் காதில் வாங்கியதே இல்லை.

குற்றாலத்துக்குக் கிழக்கே, நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் ஊர். சாரல் காலத்தில் வாசலில் நின்றால் முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி தூவிக்கொண்டே இருக்கும். 1973-ல் எங்களுக்குத் தென்காசி பஸ் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. பல் டாக்டர் தென்காசியில்தான். வலியோ பொழுது அடைந்த பிறகுதான் வரும். அதனால் கடைசி பஸ்ஸுக்கும் மறுநாள் முதல் பஸ்ஸுக்கும் இடையில் இருந்த ராத்திரி முழுக்க ஆச்சியின் ஆளுகை.

ஆச்சியின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, புகையிலைத் துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் துணி முடிச்சு. முடிச்சுக்குள் கிராம்பு. கறிக்குப் போடும் கிராம்பு அஞ்சறைப்பெட்டியில் தனியாக இருந்தது. இது வைத்தியக் கிராம்பு. குற்றாலம் கடைவீதியில் வாங்கும்போதே ஒன்றொன்றாகப் பொறுக்குவாள். தலையில் உருண்டை விழாமல் இருக்க வேண்டும். காம்பை நகத்தால் கீறினால் நகம் பளபளக்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால், "எண்ணெயப் புழிஞ்சுட்டுச் சக்கைய விக்கான். அத வாங்கி நான் எவன் வாயில வைக்க?" என்று என்னிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொல்வாள். சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். எண்ணெய் உள்ள கிராம்பு தலையை மேலே நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். சக்கை படுத்து மிதக்கும்.

அந்தக் கடைவீதிக்குக் கிராம்பு வந்த கதையை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கிராம்பு நம் மண்ணில் பிறந்த மரம் இல்லை. கிழக்கே இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் அதன் பிறந்த வீடு. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்களுக்கு ஒரு தோட்டம் போட்டபோது கிராம்பு இந்த மண்ணில் வேர் பிடித்தது. பிறகு கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் அது நன்றாகப் பரவி, இன்று புவிசார் குறியீடு வாங்குகிற அளவுக்குப் பேர் பெற்றுவிட்டது. பூக்க விடாமல் பறித்துக் காயவைத்த மொட்டுதான் கிராம்பு. விரிந்துவிட்டால் விலை போகாது.

ஆச்சியின் வைத்தியத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வந்தவரைத் தூணோரம் உட்காரவைத்து, சிம்னி விளக்கைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வாள். விளக்குப் பிடிப்பது பெரும்பாலும் நான். "வாயத் தொற எய்யா." பிறகு ஈர்க்குச்சி முனையால் பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பாள். பாதி வலி அங்கேயே நின்றுபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். முருங்கைக்காய் நார்தான் வழக்கமான குற்றவாளி. அடுத்து, பொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் வெந்நீர், அரைக் கரண்டி கல்லுப்பு. கொப்பளித்துத் துப்ப வேண்டும். மூன்றாவதாகத்தான் முடிச்சு அவிழும். கிராம்பை முதலில் நாக்கில் வைத்து ஊறவிட வேண்டும். ஊறிய பிறகு வலிக்கிற பல்லோரம் ஒதுக்கி, மேல் பல்லால் லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். "கடிச்சு நொறுக்காத. எச்சிய முழுங்காத, துப்பு."

பத்து நிமிஷத்தில் முகம் இளகும். முதலில் புருவம் இறங்கும், அப்புறம் தோள். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதனின் முகத்தை ஒரு மொட்டு அவிழ்ப்பது அந்த வயதில் எனக்கு மந்திரமாக இருந்தது.

மந்திரத்தின் பேர் யூஜினால். கிராம்பு எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை அதுதான். பட்ட இடத்தில் நரம்பை மரத்துப்போக வைக்கும். கிருமியையும் கொஞ்சம் அடக்கும். கடையில் சின்னச் சின்னக் குப்பியில் கிராம்புத் தைலம் அப்போதே கிடைத்தது. ஆச்சி வாங்க மாட்டாள். "தைலம் சுட்டுப்போடும். மொட்டுதான் நிதானம்" என்பாள். அது சரிதான். தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பல்லில் மட்டும் படும்படி வைப்பதே அதிகம். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாத குப்பி அது.

தாத்தாவுக்குப் பல்வலி வந்து நான் பார்த்ததில்லை. அவர் போகும்போது எழுபத்தெட்டு வயது, சீடையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். விடியலில் ஓடைக்கரைக்குப் போவார், கூடவே நான். கருவேல மரத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குச்சி. முள்ளைச் சீவி, நுனியில் ஓர் அங்குலம் பட்டையை உரித்து மெல்ல ஆரம்பிப்பார். நுனி தும்பு தும்பாக விரியும் வரை மெல்வார். பிறகு ஒவ்வொரு பல்லாக, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேய்ப்பார். முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து வளைத்து நாக்கை வழிப்பார். இந்தச் சடங்கு முடிய அரை மணி நேரம் ஆகும். நடுவில் வயலைப் பார்ப்பார், எதிரே வருகிறவரிடம் குச்சி வாயோடு மழை நிலவரம் பேசுவார்.

ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்கிற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபோது வாத்தியார், வேல் என்றால் வேம்பு என்றார். வீட்டில் வந்து சொன்னேன். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேம்பு வேம்புதாம்ல. வேல்னா வேல மரம். அவரு எந்த மரத்துல குச்சி ஒடிக்காராம்?" வேம்பும் பல்லுக்கு நல்லதுதான், அதன் கசப்பைச் சகிக்கிறவர்களுக்கு. ஆனால் பழமொழியின் நியாயம் துவர்ப்பில் இருக்கிறது. ஆலம் விழுதும் துவர்ப்பு, வேலம்பட்டையும் துவர்ப்பு. தெற்கே ஒரு வீட்டில் தோல் பதனிடுவார்கள். அங்கே குழியில் ஊறிய பட்டையைக் காட்டித் தாத்தா ஒருநாள் சொன்னார். ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் ஊறிய தண்ணீரில் ஆட்டுத்தோல் கிடந்தது. "தோலு அழுகாம இறுகுது பாத்தியா. உன் ஈறும் தோலுதான்." டானின் என்கிற சொல் அவருக்குத் தெரியாது. துவர்ப்புச் சத்து சதையைச் சுருக்கி இறுக்கும் என்ற வேலை தெரிந்திருந்தது. ஈறில் ரத்தம் கசிகிறவர்களுக்கு ஆச்சி கொழுந்துக் கொய்யா இலையைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொப்பளிக்கக் கொடுத்ததும், மாசிக்காயை இழைத்து ஈறில் தடவச் சொன்னதும் இதே துவர்ப்பு வழிதான்.

அடுத்த தெரு ராவுத்தர் தாத்தா உகாய்க் குச்சி வைத்திருந்தார். மிஸ்வாக் என்பார். ஹஜ்ஜுக்குப் போய்வந்த யாரோ கொடுத்ததைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார், ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் எடுப்பார். அவருக்கும் எங்கள் தாத்தாவுக்கும் குச்சியின் உயர்வு தாழ்வில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. இப்போது யோசித்தால் இரண்டு பேரின் பல்லும் நின்றதற்குக் காரணம், மரம் எது என்பதைவிட, தினமும் அந்த வேலைக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் என்றே தோன்றுகிறது. நான் என் பிரஷ்ஷுக்கு ஒரு நிமிஷம் கொடுக்கிறேனா என்பதே சந்தேகம்.

அந்த நேரத்தை அவரோடு ஓடைக்கரையில் இருந்துகொண்டே நான் வீணடித்தேன். குச்சியைச் சும்மா வாயில் சொருகிக்கொண்டு ஓணான் தேடுவேன். வீட்டில் உமிக்கரியும் உப்பும் கலந்த பொடி இருந்தது. அதை விரலில் தொட்டு முன்பல் நான்கை மட்டும் விளக்கிவிட்டு ஓடிவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் தேன்மிட்டாய், சவ்வு மிட்டாய். ராத்திரி தூங்கப்போகும்போது ஆச்சியே வாயில் போடும் கருப்பட்டித் துண்டு. பதினொரு வயதில், அந்த வருஷத்துச் சாரல் சமயத்தில், கீழ் வலது கடைவாயில் எனக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. ஆச்சி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பால்பல்லுதான. விழுந்து மொளைக்கும்" என்றாள். அவள் சொன்னால் தெருவே கேட்கும். நான் கேட்காமல் இருப்பேனா?

ஐப்பசியில் வலி வந்தது. பகலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. ராத்திரி படுத்ததும், காதுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல விண்விண் என்று தெறித்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இத்தனை நாள் விளக்குப் பிடித்தவன் அன்று வாயைத் திறந்தேன், தங்கச்சி விளக்குப் பிடித்தாள். ஈர்க்குச்சி, உப்புத் தண்ணீர், கிராம்பு. முதல் ராத்திரி நன்றாகக் கேட்டது. இரண்டாம் ராத்திரி கிராம்பு அரை மணி நேரம்தான் தாங்கியது. விடிய விடிய ஆச்சி மடியில் என் தலை. விடிந்ததும், "பூச்சி விழுந்திருக்கு. எடுத்துப்போடணும்" என்று முடிவுசெய்தாள்.

சந்தை நாளில் பூச்சி எடுக்கிற கிழவி ஒருத்தி வருவாள். எங்கிருந்து வருகிறாள் என்று தெரியாது, தோளில் ஒரு மூட்டை. எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கடை விரித்தாள். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். அதன் நடுவே ஒரு கல். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை இடுக்கியில் எடுத்துக் கல்மேல் வைத்தாள். நல்லெண்ணெயில் பிசறிய கண்டங்கத்திரி விதையை ஒரு சிட்டிகை அதன்மேல் போட்டாள். படபடவென்று பொரிந்து புகை கிளம்பியது. உடனே கண் திறந்த சிரட்டையைக் கவிழ்த்தாள். சிரட்டையின் கண்ணில் பப்பாளி இலைக்காம்பு, அதன் மறுநுனி என் வாயில். "இழுக்காத. வாயிலயே வச்சிரு. எச்சி வடிஞ்சா வடியட்டும்."

புகை கண்ணைக் கரித்தது. எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. அந்தச் சூட்டில் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று தடவை இப்படி நடந்தது. பிறகு கிழவி சிரட்டையை எடுத்துத் தாம்பாளத்தைக் காட்டினாள். தண்ணீரில் வெள்ளையாக, நூல் துணுக்குப் போல, வளைந்து வளைந்து ஏழெட்டு. "பாரு தாயி, எத்தன உருப்படி" என்றாள். எனக்கு வாந்தி வந்தது. ஆச்சி நாலணாவும் ஒரு படி நெல்லும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வலி நின்றே போனது. குறைந்தது என்று சொல்ல முடியாது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி, இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆச்சி அன்றைக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அத்தனை பூச்சியும் என் வாயில் எங்கே குடியிருந்தது? கிழவி சிந்திவிட்டுப் போன விதைகள் கொல்லையில் கிடந்தன. ஒரு மத்தியானம் பெரியவர்கள் உறங்கும் நேரத்தில், நானும் சித்தப்பா மகனும் அதே தாம்பாளம், அதே சிரட்டை வைத்து விதையைப் பொரித்தோம். காம்பில் யாரும் வாய் வைக்கவில்லை. சிரட்டையை எடுத்தால் தண்ணீரில் அதே வெள்ளைப் பூச்சி, ஏழெட்டு. சித்தப்பா மகன் பயந்து, "ஏல, சிரட்டைக்கும் பல் இருக்கால?" என்றான்.

விதைக்குள் சுருண்டு கிடக்கிற முளைக்கருதான் அது. சூட்டில் விதை வெடித்தால் தெறித்து விழும். இந்த வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதையை இப்படியே சுட்டு, இப்படியே புழுவைக் காட்டினார்கள். அதுவும் கண்டங்கத்திரியின் குடும்பம்தான், கத்தரிக் குடும்பம். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை மெசபடோமியாவின் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. 1728-ல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், தேடிப் பார்த்துவிட்டேன், புழுவைக் காணோம் என்று புத்தகம் எழுதினார். 1890-ல், பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்ற அமெரிக்கர், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பையும் மாவையும் தின்று அமிலம் கக்குவதையும், அந்த அமிலம் பல்லைக் கரைப்பதையும் விளக்கினார். பூச்சி இருக்கத்தான் செய்தது. சிரட்டைக்குள் விழுகிற அளவுக்குப் பெரிய பூச்சி இல்லை, அவ்வளவுதான். அதற்குத் தினமும் ராத்திரி கருப்பட்டி ஊட்டியவள் ஆச்சி.

பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது வலது கன்னம் கொழுக்கட்டையாக இருந்தது. காய்ச்சல். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. ஆச்சி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, "தென்காசிக்குப் போவம்" என்றாள். முதல் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் வயசானவர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். முதலில் ஊசியும் மாத்திரையும் கொடுத்து வீக்கத்தை இறக்கினார். நான்கு நாள் கழித்து மறுபடி வரச்சொல்லிப் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிய பல்லை ஒரு துணியில் வைத்து ஆச்சியிடம் காட்டினார். "இது பால்பல் இல்ல ஆச்சி. ஆறு வயசுல, பால்பல் வரிசைக்குப் பின்னால சத்தமில்லாம மொளைக்கிற பல்லு. எதுவும் விழாம மொளைக்கிறதால எல்லாரும் பால்பல்லுன்னே விட்டுருவாங்க. இனிமே இது மொளைக்காது."

ஆச்சி கேட்டாள், "வலி நின்னுட்டே சாமி. மூணே நாள்ல நின்னுட்டு."

டாக்டர் சிரிக்கவில்லை. பல்லுக்கு உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது, அதில் நரம்பும் ரத்தமும் இருக்கின்றன என்று பொறுமையாகச் சொன்னார். கிருமி உள்ளே போனால் அந்த இடம் வீங்கும். சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் அந்த வலி மற்ற வலி மாதிரி இருக்காது. வீக்கத்தின் அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று நரம்பு செத்துவிடும். செத்ததும் வலி நின்றுவிடும். கிருமி வேர் வழியாக எலும்புக்குள் இறங்கி மூன்று மாதம், ஆறு மாதம் சும்மா கிடக்கும். பிறகு ஒருநாள் கன்னம் வீங்கும். "வீக்கம் தாடைக்குக் கீழ கழுத்துப் பக்கம் எறங்கினா, முழுங்க முடியாமப் போனா உசிருக்கே ஆபத்து. ஒரு நாள்கூட வச்சிருக்கக் கூடாது ஆச்சி."

திரும்புகிற பஸ்ஸில் ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் நானும் பேசவில்லை. ஊர் எல்லையில் இறங்கி நடக்கும்போது, தனக்குத்தானே விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். மேலத்தெருத் தங்கம்மா, வண்டிக்காரர், பூக்காரியின் மருமகள் என்று ஒவ்வொரு பேராக வாய்க்குள் சொன்னாள். 'மூணு நாள்ல நின்னுட்டு ஆச்சி' என்று வெற்றிலை பாக்கு வாங்கிவந்து கொடுத்தவர்கள் எல்லோரும். அவர்களில் இன்று எத்தனை பேருக்கு அந்தப் பல் இருக்கிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது புரிய வெகு வருஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள், புகையிலையைக் கிள்ளினாள், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "இத நான் ஆசைக்காப் போட்டேன்? ஒங்கப்பன் வயித்துல இருக்கையில பல்வலி. எங்க அத்தைதான் ஒரு துண்டு கிள்ளி, இத ஒதுக்கிக்கட்டீ, மரத்துப்போவும்னு சொன்னா. தலையச் சுத்திச்சு, வலி போச்சு. மறுநாளும் வச்சேன்." முப்பத்தெட்டு வருஷம் வைத்தாள். ஒன்பது பிள்ளை பெற்றவள். பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்லும் கணக்கு. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை எடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும், கவனிக்காமல் விட்டால் கேடு வளரும். ஆச்சி கவனித்த ஒரே விதம் புகையிலை. புகையிலையும் செடிதான், அதுவும் வலியை மரத்துப்போக வைத்தது. ஈறை அரித்துப் பல்லைப் பிடிமானமில்லாமல் ஆக்கியதும் அதுவே. வாய்ப்புற்றுக்கு அது வழிவிடும் என்பதும் வெறும் பாக்கேகூடப் புற்றை உண்டாக்கும் என்பதும் எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது. ஆச்சிக்குப் புற்று வரவில்லை. அது அதிர்ஷ்டம் மட்டுமே.

செடி என்பதாலேயே எதையும் வாயில் வைக்க மாட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கீழத்தெரு மாமா ஒருவர் யாரோ சொன்னார்கள் என்று சொத்தைப் பல்லில் எருக்கம்பால் விட்டுக்கொண்டு, ஈறெல்லாம் வெந்து வெளுத்துப்போய் வந்து நின்றார். ஆச்சி அவரைத் திட்டிய திட்டு இரண்டு தெருவுக்குக் கேட்டது. "கண்ணுல பட்டா கண்ணப் பொட்டையாக்குற பாலு. அத வாயில விட்டுட்டு வந்து நிக்கியே, செத்த மூதி!" என்றவள், குளிர்ந்த தண்ணீராகக் கொப்பளிக்கவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு அனுப்பினாள். இதைச் சொன்னால், எருக்கம்பாலும் புகையிலையும் ஒரே இனம்தானே ஆச்சி என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவள் இல்லை.

என் பல் போன பிறகு ஆச்சி வைத்தியத்தை விடவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஈர்க்குச்சி, உப்புத் தண்ணீர், கிராம்பு, எல்லாம் அதே வரிசை. கடைசியில் ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது. முகம் இளகி எழுந்து போகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துவாள். "இது தென்காசி போற வரைக்குந்தான், கேட்டியா? காலைல மொதப் பஸ்ஸுல போயிரணும். வலி நின்னுட்டுன்னு வீட்டுல இருந்தன்னா என் வாசல்ல மறுபடி மிதிக்காத." இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டு வழியே போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "போனியா?" என்று கேட்பாள். போகாதவர்கள் கொல்லைப்புறம் வழியாக ஓடுவார்கள். பூச்சி எடுக்கிற கிழவி அடுத்த சந்தைக்கு வந்தபோது சோறு போட்டாள், நாலணா கொடுத்தாள், மூட்டையை அவிழ்க்க விடவில்லை. எனக்குக் கருப்பட்டி சாயங்காலத்தோடு நின்றது.

ஈறில் ரத்தம் என்று வருகிறவர்களுக்குக் கொய்யா இலைக் கஷாயத்தை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை. கஷாயம் ஈறை இறுக்கும், வாய்நாற்றம் குறையும். ஆனால் பல்லின் அடியில் சுண்ணாம்பாக இறுகிப்போன காரையை எந்த இலையும் கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. உமிக்கரிப் பொடியையும் சலித்துச் சலித்து மாவாக்கிய பிறகே எங்களுக்குக் கொடுத்தாள். பரும்பொடி பல்லின் கழுத்தைத் தேய்த்துப் பள்ளமாக்கும் என்று அவரிடம் கேட்டுவந்திருந்தாள். பிறகு எப்போதோ ரோஸ் நிறப் பல்பொடிப் பொட்டலம் வீட்டுக்கு வந்தது, அதற்குப் பின்னால் பற்பசை. தாத்தாவோடு கருவேலங்குச்சியும் போயிற்று. இன்று அந்த ஓடைக்கரையில் நிற்பது முழுக்கச் சீமைக்கருவேலம். பேர்தான் ஒன்று, மரம் வேறு. தாத்தா பார்த்திருந்தால் வாத்தியாரிடம் கோபப்பட்டதைவிட அதிகம் கோபப்பட்டிருப்பார்.

போன மாசி மாதம் சென்னையில், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு இடது கடைவாய் தெறிக்க ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டியவன். காதுக்குள் அதே பழைய உலக்கை. அஞ்சறைப்பெட்டியில் ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் பளபளக்கவில்லை. இரண்டாவது பரவாயில்லை. வெந்நீர், உப்பு, கிராம்பு. ஊறவிட்டு ஒதுக்கிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். எச்சிலைத் துப்பினேன். மெல்ல மெல்லப் புருவம் இறங்குவது எனக்கே தெரிந்தது. விடியும்போது வலி சுத்தமாக நின்றுவிட்டது.

பயந்துபோய் முதல் ஆளாகக் கிளினிக் வாசலில் நின்றேன்.

பெண் டாக்டர், என் மகள் வயது. எக்ஸ்ரே எடுத்தார். நரம்பு இன்னும் சாகவில்லை, ஆனால் காப்பாற்றும் கட்டத்தையும் தாண்டிவிட்டது, வேர் சிகிச்சை செய்தால் பல் நிற்கும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, குடைந்து, சுத்தம்செய்து, கடைசியில் வெள்ளையாக ஏதோ ஒரு பசையைக் குழைத்தார். அந்த வாசனை வந்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். "என்னம்மா இது?" என்றேன், வாய் மரத்திருந்ததால் பாதிதான் வந்தது.

"ஜிங்க் ஆக்சைடும் யூஜினாலும் அங்கிள். யூஜினால்னா கிராம்பு எண்ணெய்ல இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேல இதத்தான் வச்சுக்கிட்டிருக்காங்க" என்றார். குழைத்ததைப் பல்லுக்குள் அடைத்து, ஓரத்தை வழித்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:

"இது தற்காலிகம்தான், அங்கிள். வலி இல்லைன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வரணும்."

"வருதேன்" என்றேன். ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது.